குறி தப்பியது எதனால்?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், மேற்கே மழை குறைந்த பகுதியில் செம்மறி ஆடு வளர்க்கும் விவசாயி அவர். வயது அறுபதை நெருங்குகிறது. ஆடுகள் குட்டி போடும் பருவம் வந்தாலே அவருக்குத் தூக்கம் போய்விடும். காரணம், காட்டுப்பன்றி. பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத குட்டிகளைக் கூட்டமாக வந்து தின்றுவிட்டுப் போகும்.

இந்தியாவில் காட்டுப்பன்றி இந்த மண்ணின் விலங்கு. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், விவசாயி தானாகத் துப்பாக்கி எடுத்துச் சுட முடியாது. ஆஸ்திரேலியாவில் கதை வேறு. 1788-ல் கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியர்கள் கொண்டுவந்த வீட்டுப் பன்றிகள் தப்பி, காட்டில் பெருகியவை அவை. அங்கே அவை தீங்குயிரி. 1996-க்குப் பிறகு துப்பாக்கிச் சட்டம் அங்கு மிகக் கடுமையானது என்றாலும், தக்க காரணம் காட்டும் விவசாயிக்கு உரிமம் கிடைக்கும்.

அப்பா காலத்துத் துப்பாக்கி தேய்ந்துபோனதால், புதிதாக .308 ரகத்தில் போல்ட் வகைத் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். 'புதுசுதானே, என்ன கோளாறு வரப்போகிறது' என்ற நம்பிக்கையில், சரியாகச் சோதிக்காமலே ஒரு மாலை ஓடைக்கரைக்குப் போனார். அங்கேதான் தப்பு நடந்தது.

முதல் குண்டு ஒரு தாய்ப்பன்றியின் பின்தொடையில் பட்டது. அவர் குறி வைத்தது தோளுக்குப் பின்னால். உடனே இரண்டாவது தோட்டாவை ஏற்றப் போல்ட்டை இழுத்தார். போல்ட் வந்தது, வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு வரவில்லை. உள்ளேயே சிக்கிக்கொண்டது. பன்றி புதருக்குள் ஓடி மறைந்தது. இருட்டும் வரை தேடினார். மறுநாள் காலையில் நாய்கள்தாம் கண்டுபிடித்தன. அதற்கு உயிர் இருந்தது. அப்பாவின் பழைய துப்பாக்கியால்தான் அதன் வேதனையை முடித்து வைத்தார். ஒரு ராத்திரி முழுக்க அந்த உயிர் துடித்தது தன்னால்தான் என்ற எண்ணம் அவரை விடவில்லை. கோளாறு தீரும் வரை வேட்டைக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தார்.

ஆளுக்கொரு யோசனை

பக்கத்துப் பண்ணைக்காரர், "ஸ்கோப்பை மாற்று" என்றார். இன்னொருவர், "தோட்டாவில் கொஞ்சம் எண்ணெய் தடவு, கூடு வழுக்கிக்கொண்டு வரும்" என்றார். இந்த இரண்டாவது யோசனை ஆபத்தானது. வெடிக்கும்போது பித்தளைக் கூடு விரிந்து சேம்பரின் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் இருந்தால் அந்தப் பிடி போய், மொத்த அழுத்தமும் போல்ட்டின் மேல் வந்து மோதும்.

அவர் மனைவி சொன்னதுதான் உருப்படியான யோசனை. "விதைப்புக் கருவியில் விதை ஒழுங்காக விழாதபோது என்ன செய்தாய்? ஒவ்வொன்றாகத்தானே பார்த்தாய்? நாலையும் ஒரே நாளில் மாற்றினால், எது சரி செய்தது என்று எப்படித் தெரியும்?"

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். செய்ததும் 100 மீட்டரில் ஐந்து குண்டு. பலனை எழுதி வைப்பது. இதுதான் விதி. தொடக்கத்தில் ஐந்து குண்டுகளும் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறின.

முதலில் தோட்டா எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, போல்ட்டைக் கழற்றிக் குழலைப் பார்த்தார். துருப்பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் உள்ளே அப்படியே இருந்தது. துடைத்தார். பெரிய மாற்றமில்லை.

அடுத்து ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தகடு. அதில் ஒரு திருகு கால் சுற்று தளர்ந்திருந்தது. கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கினார். சிதறல் பாதியாகக் குறைந்தது.

ஆனாலும், முதல் இரண்டு குண்டுகள் ஒரே இடத்தில் பட, குழல் சூடேறியதும் அடுத்தவை படிப்படியாக மேலே ஏறின. குழலுக்கும் மரக்கட்டைக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி இழுத்துப் பார்த்தார். ஓரிடத்தில் தாள் மாட்டியது. கட்டை அங்கே குழலைத் தொட்டுக்கொண்டிருந்தது. சூட்டில் குழல் விரியும்போது அந்த இடம் அதைத் தள்ளுகிறது. துப்பாக்கி பழுது பார்ப்பவர் அந்த இடத்தை மெல்ல இழைத்து, ஈரம் ஏறாமல் பூச்சு கொடுத்தார்.

பிறகு வெவ்வேறு எடையுள்ள குண்டுகள் கொண்ட மூன்று பெட்டித் தோட்டாக்களைச் சோதித்தார். அவற்றில் ஒன்று இந்தக் குழலுக்குப் பொருந்தியது. ஐந்தில் நான்கு குண்டுகள் எலுமிச்சம்பழ அளவுக்குள் விழுந்தன.

கூடு சொன்ன சேதி

சிக்கிய கூடுகளை அவர் எறியவில்லை. வெயிலில் வைத்துப் பார்த்தார். அழுத்தம் மிகுந்தால் அடிப்பாகத்தின் நடுவே உள்ள பிரைமர் தட்டையாகிவிடும். அடித்தட்டில் பளபளப்பான தழும்பும் விழும். இரண்டும் இல்லை. ஆக, தோட்டாவின் மேல் தப்பில்லை.

கூட்டை இழுக்கும் கொக்கிக்கு எக்ஸ்ட்ராக்டர் என்று பெயர். அதன் அடியில் இறுகிய கிரீசும் பித்தளைத் துகளும் அடைத்திருந்தன. சுத்தம் செய்ததும் சிக்கல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. எல்லாக் கூடுகளிலும் ஒரே இடத்தில் மெல்லிய வளையக் கோடுகள் தெரிந்தன. சேம்பரைக் கடைந்தபோது விழுந்த கருவித் தடம் அது. விரிந்த பித்தளை அந்தத் தடத்துக்குள் பதிந்து பிடித்துக்கொள்கிறது. கூடுகளையும் நோட்டையும் காட்டியதும், உத்தரவாதத்தின் பேரில் சேம்பரை மெருகேற்றித் தந்தார்கள். அதன் பிறகு ஒரு கூடுகூட சிக்கவில்லை.

மிச்சமிருந்த ஒன்று

ஆனாலும், ஐந்தில் ஒரு குண்டு மட்டும் விலகிப் போனது. பக்கத்துப் பண்ணைக்காரர் அவருக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவைக் கலந்து ஏற்றிக் கொடுத்தார். விசையை அழுத்தினார். வெடிக்கவில்லை. ஆனால், துப்பாக்கியின் முனை சட்டென்று கீழே குனிந்ததை இருவருமே பார்த்தார்கள். வெடிக்கும் முன்பே அவர் உடம்பு பயந்து சுருங்கியிருக்கிறது. என்றைக்கு அந்தப் பழக்கம் தொற்றியது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

அதிர்வு குறைந்த .22 துப்பாக்கியில் மூன்று வாரம் தினமும் பழகினார். ஐந்தாவது குண்டும் மெல்ல மற்ற நான்கோடு சேர்ந்தது.

குட்டி போடும் பருவத்தின் முதல் வாரத்தில், அதே ஓடைக்கரையில் ஒரு பெரிய ஆண் பன்றி நின்றது. தொலைவு 250 மீட்டர் இருக்கும். குறுக்கே காற்று பலமாக அடித்தது. துப்பாக்கியில் இப்போது ஒரு குறையும் இல்லை. ஆனால், நோட்டில் எழுதியிருந்த கடைசித் தொலைவு 150 மீட்டர்தான். ஸ்கோப் வழியாகச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோட்டாவை வெளியே எடுத்தார். கொக்கி சுத்தமாக இழுத்துக் கொடுத்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அன்றிரவு குட்டிகளுக்குக் காவல் இருக்க மந்தையை நோக்கி நடந்தார்.