கொடி இல்லாத கடிகாரம்

சஹாரன்பூரின் காதாகேரிக்கு வழி கேட்க வேண்டியதில்லை. சந்துகளில் படிந்திருக்கும் மரத்தூளே வழி காட்டுகிறது. வாசலுக்கு வாசல் உளி மீது சுத்தி விழும் சத்தம். மொட்டை மாடிகளில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய பலகைகள் காற்று வாங்குகின்றன. பேட்டரி ரிக்ஷாக்களில் மேஜைக் கால்கள் தலைகீழாகப் பயணம் போகின்றன.

யமுனைக்கும் கங்கைக்கும் இடையே, சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கும் உத்தரப் பிரதேச நகரம் இது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 7 லட்சம். காஷ்மீரிலிருந்து வந்து குடியேறிய கைவினைஞர்களிடமிருந்து தொடங்கியது இந்தத் தொழில் என்பது ஊர்க்காரர்கள் சொல்லும் வரலாறு. சஹாரன்பூர் மரவேலை புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. திராட்சைக் கொடிதான் ஊரின் முத்திரை. தடுப்புத் திரையோ, நகைப்பெட்டியோ, குரான் வைக்கும் தாங்கியோ, எதுவானாலும் ஓர் ஓரத்தில் கொடி படர்ந்திருக்கும்.

ஆனால் நான் பார்க்கப் போனது கொடியே இல்லாத ஒரு பெட்டியை.

அதைச் செய்துகொண்டிருந்தவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். சந்து முழுக்க அவரை 'உஸ்தாத்' என்றுதான் கூப்பிடுகிறது. செய்யச் சொன்னவர் முசூரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வயது 78. வடக்கே ஆசிரியைகளை அழைக்கும் வழக்கப்படி, உஸ்தாதுக்கு அவர் 'பஹன்ஜி'.

பஹன்ஜியின் தந்தை டேராடூனில் சர்வே ஆஃப் இந்தியா அலுவலகத்தில் வரைபடக் கலைஞராக இருந்தவர். அவர் வாங்கிய கடிகாரம் ஒன்று கணப்பின் மேல்பலகையில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. வாரம் ஒரு முறை சாவி கொடுத்தால் போதும். மணிக்கு மணி அடிக்கும். குளிருக்குக் கணப்பு மூட்டும் மலை வீடுகளில் இத்தகைய கடிகாரம் வீட்டுப் பெரியவரைப் போல. நம் கூடத்துச் சுவரில் ஊசல் கடிகாரம் இருந்ததே, அந்த அந்தஸ்து. மலையின் ஈரத்தில் அதன் பெட்டியைக் கரையான் அரித்துவிட்டது. உள்ளே இருந்த பித்தளை இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. டேராடூனில் ஒரு கடிகாரக்காரர் அதைக் கழற்றிக் கழுவி எண்ணெய் போட்டுக் கொடுத்தார். இனி அதற்கு ஒரு வீடு வேண்டும்.

"பூ வேண்டாம், இலை வேண்டாம், வழவழவென்று இருக்கட்டும்" என்பது பஹன்ஜியின் நிபந்தனை. உஸ்தாதுக்கு அது உறைத்தது. "கொடி இல்லாவிட்டால் இது சஹாரன்பூரில் செய்தது என்று யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாராம். "அதில் வரும் சத்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்" என்று பதில் வந்தது.

கடிகாரப் பெட்டியை வெளியிலிருந்து உள்ளே கணக்குப் போடக் கூடாது என்கிறார் உஸ்தாத். முதலில் இயந்திரத்தை மேஜையில் வைத்து அளந்தார். முகத்தட்டின் குறுக்களவு 5 அங்குலம். முள்கள் மாட்டும் அச்சு எவ்வளவு நீண்டிருக்கிறதோ, அதற்குத் தக்கபடிதான் முன்பலகையின் கனம். சாவித் துளைகள் இரண்டு: ஒன்று ஓட்டத்துக்கு, மற்றது மணிக்கு. ஊசல் இரண்டு பக்கமும் இடிக்காமல் ஆட இடம் வேண்டும். ஊசலின் திருகைத் தொட பின்பக்கம் ஒரு கதவு வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது அகலம் 18 அங்குலம், உயரம் 12, ஆழம் 6 என்று வந்தது. அதை ஒரு பழைய காலண்டரின் முதுகில் முழு அளவில் வரைந்து சுவரில் ஒட்டிக்கொண்டார்.

மரம் ஷீஷம். நம் ஈட்டி மரத்தின் உறவு. ஆற்றங்கரைக் கூழாங்கல்லிலும் வேர்விட்டு வளரக்கூடியது. பொன்னிறப் பழுப்பில் கருங்கோடுகள் ஓடும். வட இந்தியாவில் இந்த மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போகும் நோய்க்குப் பலியாகி வருவதால் நல்ல பலகை கிடைப்பது அரிது. பல பட்டறைகள் மாமரத்துக்கு மாறிவிட்டன. உஸ்தாத் எடுத்தது மூன்று கோடைகளைப் பார்த்த பலகை. "பச்சை மரத்தில் பெட்டி செய்தால் ஆறு மாதத்தில் அதுவே வாய் திறந்து பேசும்" என்கிறார்.

நான்கு மூலைகளிலும் ஆணி இல்லை. புறாவின் வால்போல விரிந்த பல்லும் அதற்கேற்ற பள்ளமுமாக வெட்டிக் கோத்திருக்கிறார். பின்பலகையைப் பசை போடாமல் பள்ளத்தில் சும்மா நிறுத்தியிருக்கிறார். மழைக்காலத்தில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும். அதற்கு இடம் விடாவிட்டால் வெடிக்கும். மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார். கொடி செதுக்கினால் பிசகை இலையால் மறைத்துவிடலாம். வழவழப்பான பெட்டியில் ஒளிவதற்கு இடமில்லை.

முதல் முறை இயந்திரத்தைப் பொருத்திக் கேட்டபோது மணி கேட்டது, நாதம் இல்லை. டங் என்பதற்குப் பதில் டொக். சுருள் கம்பியின் அடிப்பகுதி திருகப்பட்டிருந்தது கனத்த ஷீஷம் பலகையில். அந்த மரம் அதிர மறுத்தது. உஸ்தாத் அடிப்பலகையை எடுத்துவிட்டு, லேசான தேவதாருப் பலகையை இழைத்துப் போட்டார். ஒலி வெளியேற அடியில் நான்கு சிறு கால்கள். சிதார் செய்பவருக்குத் தெரிந்த சங்கதிதான் இது. மேஜை செய்பவருக்கு அது தேவைப்பட்டதில்லை. இந்த ஒரு திருத்தத்துக்கு நான்கு நாள் பிடித்தது. பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப் பந்தால் ஒற்றி ஒற்றி, மெல்லிய பூச்சு மேல் பூச்சாக மெருகேற்றினார்.

பக்கத்துப் பட்டறையில் கணினி இயந்திரம் ஒன்று அதே திராட்சைக் கொடியை வரிசையாகக் குடைந்துகொண்டிருந்தது. "நான் ஒரு வாரம் செய்வதை அது டீ குடித்து வருவதற்குள் செய்கிறது" என்கிறார் உஸ்தாத், கோபமில்லாமல். மகன் அந்தப் பட்டறையில்தான் வேலை பார்க்கிறான்.

அரசாங்கங்களின் விதியும் இந்தச் சந்துவரை வரும். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்பாட்டின் பட்டியலில் ஷீஷம் உள்ளிட்ட டால்பெர்ஜியா இனங்கள் 2017 ஜனவரியில் சேர்ந்தன. ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டு தேவையானது. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த மாநாட்டில் இந்தியாவுக்குச் சலுகை கிடைத்தது: ஒரு பொருளில் ஷீஷம் 10 கிலோவுக்குள் இருந்தால் அந்தக் கெடுபிடி இல்லை. நம் கடிகாரத்தில் இருப்பது 5 கிலோ அளவுதான். ஆனால் அது கடல் கடக்கப் போவதில்லை. மலை ஏறினால் போதும்.

சுட்மல்பூர், மோஹண்ட், டாட் காளி கோயில் சுரங்கம், டேராடூன் என்று போகிறது பாதை. சஹாரன்பூர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. முசூரி சுமார் 2,000 மீட்டரில். சமவெளியில் சரியாக ஓடிய ஊசல், மலையில் நாளுக்குப் பதினைந்து இருபது விநாடி பின்தங்கும். உயரம் கூடினால் புவியீர்ப்பு சற்றே குறைகிறது. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய கதையும் இதுதான். ஊசலை ஆட்டி ஈர்ப்பை அளந்தபடி இந்தியாவைச் சுற்றிய அதன் அதிகாரி பசேவி, 1871இல் லடாக்கின் உயரத்தில் அந்த வேலைக்கு நடுவிலேயே இறந்தார். அந்தத் துறையில் பணியாற்றியவரின் மகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஊசல் குண்டை ஒரு மயிரிழை மேலே ஏற்றினார், அவ்வளவுதான்.

கணப்பின் பலகை மட்டமாக இல்லை. அதனால் டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி நொண்டியது. பெட்டியோடு கூடவே வந்திருந்த உஸ்தாத், ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, பஹன்ஜியிடம் கேட்டு வாங்கிய பழைய செப்புக்காசு ஒன்றை இடது காலுக்கு அடியில் செருகினார். நொண்டல் நின்றது.

பிறகு பஹன்ஜி ஒரு பென்சிலை நீட்டினார். இயந்திரத்தின் பின்தகட்டில், அதைப் பழுதுபார்த்தவர்கள் ஒவ்வொருவரும் தேதியும் பெயரும் கீறி வைத்திருக்கிறார்கள். கடிகாரக்காரர்களின் பழைய வழக்கம் அது. "பெட்டிக்கும் ஒரு பெயர் வேண்டும், எழுதுங்கள்" என்றார். நாற்பது ஆண்டுகளாகப் பிறர் பெயர் ஒட்டிய அட்டைப்பெட்டிகளில் சரக்கு அனுப்பியவர் சற்றுத் தயங்கினார். பின்கதவின் உட்புறத்தில் உருதுவில் தன் பெயரை, பெயருக்குக் கீழே ஊரை, ஊருக்குக் கீழே தேதியை எழுதினார். பெயரைவிட ஊரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருந்தார்.

இரண்டு மாத வேலைக்குப் பேசிய கூலியைப் பஹன்ஜி கொடுத்தார். அது ஏற்றுமதிச் சரக்கில் கிடைப்பதைவிட அதிகம்தான். ஆனால் அடுத்த கடிகாரத்துக்கு ஆள் இல்லை. மறுநாள் காதாகேரியில் அவருக்காக நாற்பது நகைப்பெட்டிகள் காத்திருந்தன. எல்லாவற்றிலும் கொடி.