முளைப்பயறு: உணவா, உபாதையா?



முளைவிட்ட பயறின் நற்பயன்களைப் பற்றி நீங்கள் நிறையவே படித்திருப்பீர்கள். நான் சொல்ல விழைவது, அதில் நான் செய்த ஒரு பிழையை. உங்கள் இல்லத்தில் அது நிகழாதிருந்தால் போதும்.

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் வசிக்கிறோம். விமானப்படை நிலையம் அருகிலிருப்பதால் பல மாநிலக் குடும்பங்கள் எங்களுக்கு அண்டை வீட்டார். மகாராஷ்டிரத்துச் சகோதரி ஒருவர்தாம் எனக்குப் பயறை முளைகட்டக் கற்றுத் தந்தார். அவர்கள் அதனை மசாலாவில் வேகவைத்து ‘உசல்’ என்று உண்பார்கள். நானோ, வேகவைத்தால் சத்துப் போய்விடும் என்றெண்ணிப் பச்சையாகவே பரிமாறி வந்தேன்.

மகள் தலைப்பிரசவத்திற்கு வந்திருந்தாள். ஹீமோகுளோபின் குறைவு என்று மருத்துவர் கூறியிருந்ததால், மாத்திரையோடு தினமும் ஒரு கிண்ணம் முளைப்பயறு கொடுத்தேன். அது கத்திரி வெயில் காலம். ஒரு நாள் பயறில் இலேசான புளிப்பு வாடை, பிசுபிசுப்பு. வீண்விரயம் செய்ய மனம் வராமல், கழுவிக் கொடுத்துவிட்டேன். அன்றிரவே வாந்தி, வயிற்றுப்போக்கு. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று.

“விடுங்கம்மா, உங்களுக்குத் தெரியாதில்ல” என்று அவள் என்னையே தேற்றினாள். வாடை எனக்குத் தெரிந்திருந்ததே! அல்ஹம்துலில்லாஹ், தாயும் சேயும் நலம் பெற்றனர். ஆனால் அந்தச் சொல் இன்றும் உறுத்துகிறது.

வீட்டில் முளைகட்டியதுதானே என்று எண்ணாதீர்கள். கிருமி விதையின் மேலேயே ஒட்டியிருக்கலாம். பயறை முளைக்கச் செய்யும் ஈரமும் வெதுவெதுப்பும் அதனையும் பெருக்கும். கழுவினால் முழுதும் போகாது. வாடையே வராத பயறிலும் அது இருக்கக்கூடும். 2011ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்று, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதலில் வெள்ளரிக்காயைச் சந்தேகித்தார்கள்; பின்னர் முளைவிட்ட வெந்தயமே காரணமென்று தெரிய வந்தது.

அதற்காக முளைப்பயறை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. காய்ந்த பயறில் வைட்டமின் சி மிகச் சொற்பம். முளைக்கும்போதுதான் அது உண்டாகிறது. இரும்புச் சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் ஃபைட்டிக் அமிலமும் குறைகிறது. வேகும்போது வைட்டமின் சி ஓரளவு குறைவது உண்மையே. இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். அக்குறை தீரும், இரும்புச் சத்து உடலில் சேரவும் அது துணை செய்யும். ஆயினும் மருத்துவர் தந்த மாத்திரைக்கு இது மாற்றாகாது.

செய்முறை எளிது. ஒரு டம்ளர் பச்சைப்பயறைப் பொறுக்கிக் கழுவி, எட்டு மணி நேரம் குடிநீரில் ஊற வையுங்கள். நீரை நன்கு வடித்து, வெந்நீரில் அலசிய துணியில் தளர்வாகக் கட்டுங்கள். காலையும் மாலையும் அலசி வடியுங்கள். கோடையில் ஒரே நாளில் முளை எட்டிப் பார்க்கும். உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு நாட்களுக்குள் சமைத்துவிடுங்கள். வாடையோ பிசுபிசுப்போ கண்டால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

இனி அன்றாடச் சமையலுக்கு வருவோம். முளைப்பயறை ஆவியில் பத்து நிமிடம் வேகவைத்துத் தேங்காய்த் துருவலுடன் தாளித்தால் காலைக்குச் சுண்டல். ஊறிய அரிசியோடு அரைத்தால் அடை. முளைவிட்ட கொள்ளை வேகவைத்த நீரில் ரசம். கைமாவில் பாதியைக் குறைத்து, முளைவிட்ட கொண்டைக்கடலையைச் சேர்த்துக் குக்கரில் வேகவைத்தால் மாதக் கடைசியிலும் குழம்பு மணக்கும். நோன்புக் கஞ்சி கொதிக்கையில் ஒரு கைப்பிடி சேர்த்தால் நோன்பு திறப்போருக்கு நல்ல பலம்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், நோயுற்றோர் ஆகியோருக்குப் பச்சையாக ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

இப்போது என் மகளும் தன் வீட்டில் முளைகட்டுகிறாள். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் நான் கேட்கு முன்பே, “வேக வெச்சுட்டேம்மா” என்பாள். சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளும் அப்படிச் சொல்லும்படி பழக்கி வையுங்கள்.