இல்லாத குரல் காதுல கேட்டா

இந்த வாரம் கடலை விதைப்பு பத்தி எழுதுறதா சொல்லியிருந்தேன். மழை தள்ளிப் போச்சு, கடலையும் தள்ளிப் போகட்டும். ரொம்ப நாளா மனசுல கிடக்குற ஒரு விஷயத்தை எழுதிடுறேன். மனச்சிதைவு நோய் பத்தி. ஆஸ்பத்திரியில ஸ்கிசோஃப்ரினியான்னு சொல்லுவாங்க.

நான் பன்னெண்டாவது படிச்ச விவசாயி, டாக்டர் இல்லை. என் ஒன்னுவிட்ட தங்கச்சி மகனுக்கு இந்த நோய் வந்து, நாலு வருஷமா கூட இருந்து பாக்குறேன். கண்ணால பார்த்ததையும் டாக்டர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்துச் சொல்றேன். அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "எழுதுங்க மாமா, பேரு மட்டும் போடாதீங்க"ன்னான்.

முதல்ல ஒரு வார்த்தையைத் தெளிவு பண்ணிக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில டாக்டர் அவனைப் பார்த்துட்டு, "பாசிட்டிவ் அறிகுறிகள் நிறைய இருக்கு"ன்னார். தங்கச்சி முகம் மலர்ந்துபோச்சு. "அப்ப நல்லதுதானே சார்?"ன்னு கேட்டுச்சு. பாவம், அதுக்கு என்ன தெரியும். இந்த இடத்துல பாசிட்டிவ்னா நல்லதுன்னு அர்த்தம் இல்லை. இருக்கக் கூடாத ஒன்னு கூடுதலா வந்திருக்குன்னு அர்த்தம். வயல்ல நாம போடாத கோரை முளைக்கிற மாதிரி. நெகட்டிவ்னா இருக்க வேண்டியது குறைஞ்சு போறது. பேச்சு, ஆசை, சிரிப்பு, குளிக்கணும்ங்கிற நினைப்பு எல்லாம் வத்திப்போறது. களை முளைக்கிறது ஒன்னு, பயிர் குன்றிப் போறது இன்னொன்னு. ரெண்டும் ஒரே வயல்ல வரும்.

இந்தக் கூடுதல் அறிகுறிகளைத்தான் வீட்டுல உள்ளவங்க முதல்ல கண்டுபிடிக்க முடியும். எங்க பையன்கிட்ட என்னென்ன வந்துச்சுன்னு வரிசையாச் சொல்றேன்.

ஒன்னு, குரல். டிப்ளமா முடிச்சுட்டு ஊருக்கு வந்தவன், போர்வெல் மோட்டார் கொட்டகையில தனியா உக்காந்து பேச ஆரம்பிச்சான். நாம தனியாப் பேசுறது வேற. நாம நமக்கு நாமே சொல்லிக்குவோம். இவன் யாரோ கேட்டதுக்குப் பதில் சொன்னான். நடுவுல நிறுத்தி, தலையைச் சாய்ச்சுக் கேட்டுட்டு, மறுபடியும் பேசுவான். சில நேரம் காரணமில்லாம சிரிப்பான், சில நேரம் காதைப் பொத்திக்குவான். பின்னாடி அவனே சொன்னது: ரெண்டு பேரு அவனைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தாங்களாம். "எந்திரிக்கிறான் பாரு, சட்டை போடுறான் பாரு"ன்னு. அது கற்பனைன்னு அவனுக்குத் தோணவே இல்லை. நான் பேசுறது எப்படிக் கேட்டுச்சோ அப்படியே அதுவும் கேட்டிருக்கு. இந்த நோய்ல உருவம் தெரியிறதை விட குரல் கேக்குறதுதான் அதிகம்னு டாக்டர் சொன்னார்.

ரெண்டு, அசைக்க முடியாத தப்பான நம்பிக்கை. எங்க பக்கம் இப்ப நெல்லுக்கு ட்ரோன்ல மருந்து அடிக்கிறாங்க. பக்கத்து வயல்ல ட்ரோன் பறந்தப்ப, தன்னைப் படம் புடிக்கத்தான் அனுப்பியிருக்காங்கன்னான். செல்போன்ல கேமரா மேல பிளாஸ்திரி ஒட்டினான். அம்மா வச்ச குழம்புல விஷம் இருக்குன்னு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சுச் சாப்பிட்டான். டிவியில செய்தி வாசிக்கிற பொண்ணு தனக்கு ஜாடையா சேதி சொல்லுதுன்னான். சாதாரண சந்தேகம்னா நாலு விஷயம் எடுத்துச் சொன்னாத் தெளியும். இது தெளியாது. தங்கச்சி அவன் எதிர்லேயே அந்தக் குழம்பை ஊத்திச் சாப்பிட்டுக் காட்டிச்சு. "உனக்கு மாத்து மருந்து குடுத்திருக்காங்க"ன்னுட்டான்.

மூணு, பேச்சுல கோர்வை அறுந்து போறது. தண்ணி பாய்ச்சியாச்சான்னு கேட்டா, தண்ணியில ஆரம்பிச்சு ரயிலுக்குப் போயி, ரயில்ல இருந்து ஒன்பதாம் நம்பருக்குப் போயிருவான். வார்த்தை எல்லாம் சரியா இருக்கும், ஒன்னுக்கொன்னு முடிச்சு இருக்காது.

நாலு, பொருந்தாத நடவடிக்கை. சித்திரை வெயில்ல மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டு நடக்குறது, ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுச் சாமானை எல்லாம் வாசல்ல அடுக்குறது.

இங்க ஒன்னு கேப்பீங்க. கிராமத்துல சாமி வந்து ஆடுறவங்க இருக்காங்களே, அதுவும் இதுதானான்னு. இல்லைங்க. உடுக்கை அடிச்சா வரும், துன்னூறு பூசினா மலையேறும். மறுநாள் காலையில அந்த ஆளே களை வெட்ட வந்து, கூலியைச் சரியா எண்ணி வாங்கிட்டுப் போவார். ஊர் மொத்தமும் நம்புற விஷயம் அது. அதே மாதிரி, புருஷன் செத்த துக்கத்துல இருக்கிற அம்மா, "அவரு வாசல்ல நின்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு"ன்னு சொல்லும். அது மட்டும் வச்சு நோய்னு சொல்ல முடியாது. பாக்க வேண்டியது மூணு: நாள் கணக்குல, வாரக் கணக்குல நீடிக்குதா? தூக்கம், சாப்பாடு, வேலை கெடுதா? வீட்டுல மத்தவங்க யாரும் ஒத்துக்காத ஒன்னை அந்த ஒருத்தர் மட்டும் உறுதியாப் பிடிச்சிருக்காரா? ஆமான்னா டாக்டர்கிட்ட போகணும். கஞ்சா, குடி, மூளைக் காய்ச்சல், வலிப்பு இதுகளாலயும் இப்படி வரலாம். எது என்னன்னு பிரிச்சுப் பாக்குறது டாக்டர் வேலை, நம்ம வேலை இல்லை.

ஆம்பளைப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பதினெட்டுல இருந்து இருபத்தஞ்சு வயசுக்குள்ள ஆரம்பிக்குது, பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தள்ளி. படிப்பு முடிஞ்சு வேலை தேடுற வயசு. அதனாலதான் ஊரு இதுக்கு வேற வேற பேரு வைக்குது. வேலை கிடைக்காத ஏக்கம், காதல் தோல்வி, கொழுப்பு, காத்து கருப்பு, செய்வினை. எங்க வீட்டுலயும் இத்தனை பேரும் வச்சாங்க. அவன் தங்கச்சிக்கு வரன் பாத்துக்கிட்டு இருந்ததால வெளியில சொல்லவும் பயம். ஒரு வருஷம் இப்படியே ஓடிருச்சு.

ஒரு நாள் வரப்புல உக்காந்திருந்தப்ப, "என்னடா மாப்ள சொல்லுது அந்தக் குரலு?"ன்னு மெதுவாக் கேட்டேன். "கரண்டு கம்பத்துல ஏறச் சொல்லுது மாமா"ன்னான். மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம். அதுவரைக்கும் ராத்திரி பூரா பக்கத்துலேயே படுத்திருந்தேன். குரல் எதையாவது செய்யச் சொல்லுதுன்னா ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. நேராக் கேக்குறதுல தப்பு எதுவும் இல்லை. கேட்டதால அவனுக்குப் புதுசா நினைப்பு வந்துராது. சொல்ல ஒரு ஆள் கிடைச்ச மாதிரித்தான் இருக்கும்.

அவங்ககிட்ட எப்படிப் பேசுறதுன்னும் டாக்டர் சொல்லிக் குடுத்தார். "அப்படி ஒன்னும் இல்லை, பைத்தியக்காரா"ன்னு சண்டை போடக் கூடாது. "ஆமா, எனக்கும் கேக்குது"ன்னு ஒத்து ஊதவும் கூடாது. "எனக்குக் கேக்கலப்பா, ஆனா உனக்குக் கேக்குது, பயமா இருக்குன்னு புரியுது, வா தூக்கம் வரவாவது டாக்டரைப் பாப்போம்"னு சொல்லணும்.

மாத்திரை ஆரம்பிச்சு ஆறு வாரத்துல, குரல் தூரத்து வீட்டு ரேடியோ மாதிரி ஆயிருச்சுன்னான். தூக்கக் கலக்கமும் உடம்பு பெருக்கிறதும் வந்துச்சு, டாக்டர் மருந்தை மாத்திக் குடுத்தார். நல்லாயிருச்சேன்னு நடுவுல அவனே நிறுத்துனான். ரெண்டு மாசத்துல எல்லாம் திரும்பி வந்துச்சு. மறுபடி ஆரம்பிச்சோம். இப்ப பவர் டில்லர் ஓட்டுறான், பதினோரு ஆடு வச்சிருக்கான். குரல் எப்பவாவது வரும், வந்தா வருதுன்னு சொல்லத் தெரியுது.

கோயிலுக்குப் போறதை நான் தடுக்கலை. தங்கச்சி குணசீலத்துக்கு நேர்ந்துக்கிட்டு அவனைக் கூட்டிட்டுப் போச்சு, மாத்திரைப் பையோடதான் போச்சு. ஆனா சங்கிலி மட்டும் வேணாம். 2001 ஆகஸ்ட் 6-ல ஏர்வாடியில கொட்டகை தீப்பிடிச்சப்ப, கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. 2017 மனநலச் சட்டப்படி சங்கிலியால கட்டுறதே குற்றம்.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு ஏன் இதைச் சொல்றேன்னா, ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணி, "தம்பி கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருக்கான்"னு உங்ககிட்டதான் சொல்லுவாங்க. "சரியாப் போயிரும்"னு வச்சுடாதீங்க. தனியாப் பதில் பேசுறானா, சாப்பாட்டைச் சந்தேகப்படுறானா, பேச்சு கோர்வையா இருக்கா, தூங்குறானான்னு நாலு கேள்வி கேளுங்க. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, மருந்து இலவசம். 14416-க்கு எந்நேரமும் போன் பண்ணலாம், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. அந்த நம்பரை இப்பவே போன்ல பதிஞ்சு வச்சுக்கங்க.

மழை பெய்ஞ்சா அடுத்த வாரம் கடலை.