முதல் தக்காளி யாருக்கு?



மாடித் தோட்டத்தில் தக்காளி பழுத்துவிட்டது. "இந்த வருஷம் தொக்கா, ஊறுகாயா டீச்சர்?" என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. முதலில் பறித்த பழம் எல்லாம் சாண்ட்விச்சுக்கே போயிற்று. அதுவும் நான் ஒருத்தியே சாப்பிட்டேன்.

செய்முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. தெருமுனை பேக்கரி ரொட்டி 2 துண்டு. ஓரம் வரை வெண்ணெய். அரிவாள்மனையில் வட்ட வட்டமாக, கொஞ்சம் கனமாகவே நறுக்கிய தக்காளி. உப்பு, அப்போதே பொடித்த மிளகு. அவ்வளவுதான். வெங்காயம் வேண்டாம், சட்னி வேண்டாம், சாஸ் கூடவே கூடாது. சித்திரை வெயிலில் அடுப்புப் பக்கமே போகாமல் மதியச் சாப்பாடு முடிந்துவிடும்.

ஆனால் பழம் நல்லதாக இருக்க வேண்டும். சுமாரான தக்காளியைப் புளியும் பெருங்காயமும் சேர்ந்து ரசத்தில் கரையேற்றிவிடும். ரொட்டிக்கு நடுவில் அதற்கு ஒளிய இடம் கிடையாது.

நான் வைத்திருப்பது பி.கே.எம். 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கியது. தட்டை உருண்டையாக இருக்கும். காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றி அடர்பச்சை தெரியும். அந்தப் பச்சை இல்லாமல் ஒரே சீராகப் பழுக்கும் ரகங்களைத்தான் உலகெங்கும் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பச்சையோடு சேர்ந்து இனிப்பும் குறைந்தது என்று 2012ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. காயில் உள்ள பச்சையமும் இலையைப் போலவே வெயிலில் சர்க்கரை செய்கிறது. ஒளிச்சேர்க்கைப் படம் வரைந்தவர்களுக்கு இது புரியும். பக்கத்து நோட்டைப் பார்த்து வரைந்தவர்களும் எனக்கு நினைவில் இருக்கிறார்கள்!

இன்னொன்று, பழுத்த தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்கும் கீழான குளிரில் நாள்கணக்கில் கிடந்தால் அதன் மணம் போய்விடும்.

இந்தச் சாண்ட்விச்சுக்கு ஒரு குணம் உண்டு. அது காத்திருக்காது. வெண்ணெய் கொஞ்ச நேரம் ஈரத்தைத் தடுக்கும். அதற்குப் பிறகு ரொட்டி ஊறிக் கூழாகிவிடும். டிபன் பாக்ஸில் கட்ட முடியாது. யாருக்கும் எடுத்து வைக்க முடியாது. செய்த கையோடு செய்தவரே சாப்பிட வேண்டும்.

34 வருஷம் விடிகாலையில் எழுந்து 4 டிபன் பாக்ஸ் கட்டியவள் நான். நல்ல தக்காளி எல்லோருக்கும். அடிபட்டதில் வெட்டி எறிந்தது போக மிச்சம் எனக்கு. யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. என் அம்மா அப்படித்தான் சாப்பிட்டார், நானும் அப்படியே சாப்பிட்டேன்.

உங்கள் சார் போய் 3 வருஷம் ஆகிறது. பிள்ளைகள் வெளியூரில். ஒருத்திக்கு எதற்குச் சமையல் என்று எத்தனையோ மதியங்கள் மோர்சாதத்தோடு கழிந்தன. இந்தப் பங்குனியில் முதல் பழத்தைப் பறித்ததும் பழக்கதோஷத்தில் கை அதைத் தனியே எடுத்து வைக்கப் போயிற்று. யாருக்கு என்று யோசித்தேன். பதில் இல்லை. ரொட்டியை எடுத்தேன். மாடிப்படி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முழங்கை வரை சாறு வழியச் சாப்பிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது. இன்னொன்று செய்து சாப்பிட்டேன்.

என்னிடம் படித்த பெண்களில் பலர் இன்று டிபன் பாக்ஸ் கட்டுகிறீர்கள். கட்டுங்கள். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது நல்ல பழத்தை முதலில் நீங்கள் சாப்பிடுங்கள், உட்கார்ந்து சாப்பிடுங்கள். வீடு காலியாகும்வரை காத்திருக்க வேண்டாம். பையன்களே, உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார், அவர் தட்டில் என்ன மிஞ்சியது என்று இன்று ராத்திரி ஒருமுறை பாருங்கள். வீட்டுப்பாடம் இதுதான்.

விதை எடுத்து நிழலில் உலர்த்தி வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் வீட்டுக்கு வாருங்கள். வரும்போது ரொட்டி வாங்கி வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்