மீட்டர் கேஜும் மூணடி ஜாக்கியும்

கடலூர் முதுநகர் ஸ்டேஷன்லேர்ந்து சிதம்பரம் ஸ்டேஷன் சுமார் 40 கிலோமீட்டர். இதை 87ஆல் வகுத்தா 460 மீட்டர் வரும். இந்தக் கணக்கு எதுக்குன்னா, எங்க மாமா இந்த 40 கிலோமீட்டரை ஒரு ரூமுக்குள்ள கொண்டு வரப் பல வருஷமா முயற்சி பண்ணிக்கிட்டிருக்கார். ரூமோட நீளம் பன்னண்டு அடி. மிச்சத்தை நீங்களே யோசிச்சுக்கோங்க :-)

மாடல் ரயில்னா வெளிநாட்டுல பெரிய சமாச்சாரம். ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்துல மினியேச்சர் வுண்டர்லேண்ட்னு 2001லேர்ந்து ஒண்ணு நடக்குது. ஒரு ஊரே உள்ளே ஓடும். அங்கேயும் அதே 1:87 அளவுதான், எச்ஓ-ன்னு சொல்வாங்க. ஆனா கடையில விக்கிற எச்ஓ தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். அது அவங்க ஊர் 1435 மில்லிமீட்டர் பாதைக்குச் சரி. நம்ம அகலப்பாதை 1676. அதை 87ஆல் வகுத்தா 19க்கு மேல போகுது. நம்ம ரயிலை அந்தத் தண்டவாளத்துல வச்சா, சின்ன செருப்புக்குள்ள பெரிய காலை நுழைச்ச மாதிரி இருக்கும்.

மாமாவுக்கு அந்தப் பிரச்னையே இல்லை. ஏன்னா அவரோட ரயில் மீட்டர் கேஜ்! 1000 மில்லிமீட்டர், வகுத்தா பதினொன்றரை. 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிட்டத்தட்டப் பொருந்திடும். 1992ல ஆரம்பிச்ச யூனிகேஜ் திட்டம் நாடு முழுக்க மீட்டர் கேஜைத் தின்னுக்கிட்டே வந்து, 2010ல எங்க விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையும் அகலமாயிடுச்சு. மாமா வீட்டு ரூம்ல மட்டும் அந்தத் திட்டம் இன்னும் அமலுக்கு வரலை. செங்கல் சிவப்புப் பெட்டி, முன்னாடி ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜின். பெட்டியெல்லாம் கல்யாணப் பத்திரிகை அட்டையில செஞ்சது. ஒரு பெட்டியோட உள்பக்கம் எட்டிப் பார்த்தா "தங்கள் நல்வரவை விரும்பும்"னு இருக்கும்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் ரெண்டு ஸ்டேஷனையும் இடம் பத்தாம தூக்கிட்டார். பரங்கிப்பேட்டை இருக்கு, வெள்ளாத்துப் பாலம் இருக்கு, கிள்ளை இருக்கு. பிச்சாவரம் காடு வெட்டிவேர்ல. கடைசியா சிதம்பரம்.

சிதம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு பொதுக்கூட்டம் வச்சிருக்கார். மேடையில அம்பது நாற்காலி, கீழே ஏழு பேர். ஓரமா ஒரு கட்அவுட். நாப்பதடி கட்அவுட்டை 87ஆல் வகுத்தா 14 சென்டிமீட்டர். பக்கத்துல நிக்கிற ரயில் நாலு சென்டிமீட்டர் உயரம். பார்க்கிறவங்க எல்லாரும் "ஸ்கேல் தப்பா இருக்கே"ன்னு சொல்லுவாங்க. "ஸ்கேல் சரிதான் சார், நாட்டுலதான் தப்பு"ன்னு பதில் ரெடியா வச்சிருப்பார். கடற்கரையோரமா சென்னை - மாமல்லபுரம் - புதுச்சேரி - கடலூர் பாதைன்னு 2008-09 ரயில்வே பட்ஜெட்ல ஒண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ரயில் இன்னும் ஓடலை. மாமா ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மேஜை ஓரமா ரெண்டடி தண்டவாளம் ஒட்டி, ஒரு அடிக்கல்லும் நட்டு வச்சார். "டேய் மாப்ள, மத்திய சர்க்காரை முந்திட்டேன் பாத்தியா?"

சரி, மேட்டருக்கு வருவோம்.

அத்தை தவறினதுக்கப்புறம் மாமா சிதம்பரத்துல வாடகை வீட்டுல தனியாத்தான் இருக்கார். போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்புல அடி. பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்துக் கூட்டிட்டுப் போனதால தப்பிச்சார். அம்மா அன்னிலேர்ந்து "அண்ணே, இங்க வந்துடுண்ணே"ன்னு தினம் ஒரு போன். அவர் "ரயிலு?"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவார்.

இதே நேரத்துல கடலூர்ல எங்க வீட்டுல இன்னொரு கூத்து. எழுபதுகள்ல தாத்தா கட்டின வீடு. கட்டும்போது ரோட்டை விட ரெண்டடி உசரம். ரோடு மேல ரோடு போட்டுப் போட்டு இப்ப வீடு பள்ளம். 2015 வெள்ளத்துல ஹாலுக்குள்ள தண்ணி. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலப்போ மறுபடியும். கட்டில் மேல பீரோவை ஏத்தி, பீரோ மேல அரிசி மூட்டையை ஏத்தி... போதும்னு ஜாக்கி வச்சுத் தூக்க முடிவு பண்ணினோம்.

பார்க்காதவங்களுக்காக: அஸ்திவாரத்துக்கு மேல சுவரைக் கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு, இரும்புச் சேனல் கொடுத்து, வரிசையா ஜாக்கி வைப்பாங்க. லாரிக்கு வைக்கிற மாதிரி திருகு ஜாக்கிதான். எங்க வீட்டுக்கு நூத்துச் சொச்சம். ஒருத்தர் குரல் கொடுக்க, எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே அளவு திருகணும். ஒரு மூலை முந்தினாலும் சுவர் விரியும். மூணடி ஏத்தினதும் இடைவெளியில செங்கல் கட்டிடுவாங்க. சமையல்கட்டு ஜன்னல் கண்ணாடி கூட உடையலை. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சும் வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்த்தேன்.

தூக்க முடியாதது ஒண்ணே ஒண்ணு. திண்ணை. அது வெறும் மண்ணடைச்ச மேடை, ஜாக்கிக்குப் பிடிமானம் கிடையாது. இடிச்சாச்சு. வாசல்ல மிச்சம் ஆறடி இடம். அதுல ஒண்ணு என் காருக்குச் சரிவுப்பாதை, இல்லேன்னா திண்ணை. ரெண்டுக்கும் இடமில்லை.

அப்பாவோட திண்ணை கோஷ்டி பத்திச் சொல்லணும். நாலு பேர், கட்சிக்கு ஒருத்தர். தினம் ஆறு மணிக்குக் கூடுவாங்க. 1987ல ஆனந்த விகடன் அட்டைப்பட ஜோக்குக்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூணு மாச ஜெயில் தண்டனை குடுத்து, எதிர்ப்பு கிளம்பினதும் சீக்கிரமே விட்ட கதையை நான் அங்கதான் கேட்டேன், குறைஞ்சது முப்பது தடவை. அவங்கவங்க தலைவரை மத்தவங்க கிழிப்பாங்க, எல்லாரும் சிரிப்பாங்க, டீ குடிச்சிட்டுப் போயிடுவாங்க.

திண்ணை போனதும் ஜமா வாட்ஸப்புக்கு மாறுச்சு. மூணே வாரம். ஒரு மீம்ஸ். அதே தலைவர், அதே கேலி, திண்ணையில நூறு தடவை சொன்னதுதான். ஒருத்தர் குரூப்பை விட்டே போயிட்டார். இன்னொருத்தர் அப்பாவோட பேசறதில்லை. நேர்ல சொல்லும்போது பக்கத்துல ஒரு முகம் இருக்கு. அது சுருங்கினா "சும்மா சொன்னேம்பா"ன்னு தோளைத் தட்டலாம். போன்ல எங்கே தட்டறது?

அப்பா எங்கிட்ட திண்ணை வேணும்னு கேக்கவே இல்லை. "கார் வெயில்ல நின்னா பெயின்ட் போயிடும்பா"ன்னுதான் சொன்னார். அதான் கஷ்டமா இருந்துச்சு.

கடைசியில கொத்தனார்கிட்ட சொல்லிட்டேன்: நடுவுல படி, ரெண்டு பக்கமும் திண்ணை, ஒரு பக்கம் கைப்பிடி, மாமா இடுப்புக்காக. கார் தெருவுலயே நிக்கட்டும். மாடி ரூமுக்கு மாமாவால ஏற முடியாது, அதனால கீழே முன் ரூம், அதாவது என் ரூம், அவருக்கும் ரயிலுக்கும். நான் சென்னையிலேர்ந்து வாரக் கடைசியில வர்ற ஆள், மாடியே போதும்.

ஒரே சிக்கல், மேஜை முழுசா வாசல்ல நுழையாது. ரெண்டா அறுக்கணும். அளந்து பார்த்ததுல ரம்பம் போற இடம் வெள்ளாத்துப் பாலத்துக்கு நடுவுல. மாமா போன்ல ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "மெல்லிசு பிளேடா வாங்கிட்டு வா. அறுக்கிறது நான்தான்."

அடுத்த சனிக்கிழமை சிதம்பரம் போறேன்.