பதினான்கு வயதில் இன்னொரு வீடு

வளர்ப்புப் பராமரிப்பு என்பது தத்து அல்ல. தத்து கொடுக்கப்பட்ட பிள்ளைக்குப் புதுக் குடும்பமே நிரந்தரக் குடும்பம். சட்டப்படி பெற்றோரும் வாரிசுரிமையும் மாறிவிடும். வளர்ப்புப் பராமரிப்பில் அவை மாறுவதில்லை. பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத காலத்தில் இன்னொரு குடும்பம் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கிறது, அவ்வளவுதான். இந்தியாவில் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு இதற்கு வழிசெய்கிறது. ஓராண்டு வரை நீடிப்பது குறுகிய காலப் பராமரிப்பு. அதைத் தாண்டினால் நீண்ட காலப் பராமரிப்பு.

பதின்பருவத்தினருக்கு இந்த ஏற்பாடு மிகவும் தேவைப்படுகிறது. தத்தெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கைக்குழந்தையைத்தான் கேட்கிறார்கள். தாய் நெடுநாள் நோயில், தந்தை சிறையில் என்றிருக்கும் 14 வயதுப் பிள்ளைக்குக் குழந்தைகள் இல்லத்துக்கு வெளியே ஒரு குடும்பம் வேண்டுமானால் இதுதான் வழி. ஆனால் அந்த வயதுப் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. பதினான்கு வருட வாழ்க்கை, சொந்த அம்மா, பழைய தெரு, கூட்டாளிகள் எல்லாம் கூடவே வருகின்றன. ஏமாற்றப்பட்ட நினைவும் வருகிறது. அதனால் இந்த வேலையில் ஊறிய சமூகப் பணியாளர்கள் பாசத்துக்கு முன்னால் உண்மையை வைக்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் சொல்வது, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வது, சொன்னதைச் செய்வது: இந்த மூன்றையும் வைத்துத்தான் பதின்பருவப் பிள்ளை பெரியவர்களை எடைபோடுகிறது.

முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவின் ஆணை இல்லாமல் எந்தப் பிள்ளையையும் வளர்ப்புக் குடும்பத்தில் வைக்க முடியாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு குடும்பங்களை விசாரித்து அறிக்கை தருகிறது. குடும்பத்தின் திறன், நோக்கம், பிள்ளை வளர்த்த அனுபவம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். உடன்பிறந்தவர்களைக் கூடியவரை ஒரே வீட்டில் வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தன்னைப் பற்றிய முடிவில் பிள்ளையின் கருத்தும் கேட்கப்பட வேண்டும். அது சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. ஆகவே பிள்ளை வாய்விட்டுக் கேட்கலாம்: அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எங்கே படுப்பது, பள்ளிக்கூடம் மாறுமா, அம்மாவைப் பார்க்கலாமா, எத்தனை நாள்? கடைசிக் கேள்விக்குப் பல சமயம் உறுதியான பதில் இருக்காது. ‘சீக்கிரம் போயிடலாம்’ என்று சமாதானம் சொல்லும் பணியாளர் அன்றைக்கே நம்பிக்கையை இழக்கிறார். ஆணையில் எழுதியிருக்கும் காலத்தைக் காட்டி, அதற்குப் பிறகு குழு மறுபடி பார்க்கும் என்று சொல்வதே சரி.

முதல் வாரங்களில் பை பிரிக்கப்படாமல் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும். துவைத்த சட்டை கொடியிலிருந்து நேராகப் பைக்குள் போகும். அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுத்தாலும் அது காலியாகவே கிடக்கும். அனுபவமுள்ள வளர்ப்புத் தாய் அந்தப் பையைத் தொடுவதில்லை, எடுத்து அடுக்கு என்று சொல்வதுமில்லை. சாப்பாட்டிலும் இதே கதைதான். ‘இன்னொரு தோசை வேணுமா?’ என்று கேட்டால் பசி இருந்தாலும் ‘வேணாம்’ என்றுதான் பதில் வரும். கேட்காமலே தட்டில் வைக்கிற வீட்டில் பிள்ளைக்கு அந்தக் கூச்சம் சீக்கிரம் விடுகிறது. அம்மா, அப்பா என்று கூப்பிடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. பெரியம்மா, மாமா, ஆன்ட்டி என்று பிள்ளையின் வாயில் எது இயல்பாக வருகிறதோ அதுவே போதும். சொந்த அம்மாவுக்கு உரிய இடத்தை யாரும் கேட்கவில்லை என்பது பிள்ளைக்கு அதிலேயே புரிந்துவிடும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒழுங்குகள் உண்டு: மாலை எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், செல்போன் எவ்வளவு நேரம், யார் எந்த வேலை செய்ய வேண்டும். இவற்றை முதல் நாளே சொல்லிவிட்டால் பிற்பாடு வரும் சண்டைகள் பாதியாகக் குறையும். வீட்டு வேலையில் பங்கு கொடுப்பது தவறல்ல. அந்த வீட்டுப் பிள்ளை செய்யாத வேலை இந்தப் பிள்ளையின் தலையில் விழுகிறதா என்பதுதான் கேள்வி. விழுந்தால் அங்கே வேலைக்கு ஆள் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பணத்தைப் பற்றியும் மூடி மறைக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தரப்படுகிறது. அது பிள்ளையின் செலவுக்கு. குடும்பத்துக்கான கூலி அல்ல. ‘காசுக்காகத்தான் உன்னை வெச்சிருக்காங்க’ என்று யாராவது என்றைக்காவது பிள்ளையின் காதில் போடுவார்கள். அதற்கு முன்பே இந்தக் கணக்கு பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளி விஷயத்தில் காகிதங்களே பெரிய வேலை. தமிழ்நாட்டில் மாற்றுச் சான்றிதழ், மாணவருக்கான எமிஸ் எண், ஆதார், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் சேர்க்கையிலோ உதவித்தொகையிலோ சிக்கல் வரும். பழைய வீட்டில் தொலைந்துபோன சான்றிதழைப் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது தேடக் கூடாது. வந்த முதல் மாதத்திலேயே தேடத் தொடங்க வேண்டும். இனிஷியல் பழையதாகவே இருக்கும் என்பதால் வகுப்பில் கேள்விகள் வரும். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யலாம். வகுப்பு முழுவதும் தெரிந்தாக வேண்டிய அவசியம் எதுவுமில்லை.

பெற்றோர் வந்து பார்ப்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. அது பிள்ளையின் நலனுக்கு உகந்ததல்ல என்று குழு கருதினால் காரணத்தை எழுதி வைத்து நிறுத்தலாம். பெற்றோர் மீண்டும் தகுதியானவர்கள் என்று குழு முடிவு செய்தால் பிள்ளை சொந்த வீட்டுக்கே திரும்பலாம். பார்வை நாள் மகிழ்ச்சியை மட்டும் தருவதில்லை. அம்மா வந்துபோன மாலையில் பிள்ளை காரணமில்லாமல் எரிந்து விழும். வருவதாகச் சொன்ன அம்மா வராத ஞாயிற்றுக்கிழமை அதைவிடக் கொடுமை. தலை வாரிக்கொண்டு காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் ‘பஸ் கிடைச்சிருக்காது’ என்று கற்பனையாகக் காரணம் சொல்லக் கூடாது. ‘ஏன் வரலைன்னு எனக்கும் தெரியலை. நாளைக்கு விசாரிச்சுச் சொல்றேன்’ என்று சொல்லலாம். சொன்னபடி மறுநாள் விசாரித்துச் சொல்லவும் வேண்டும்.

வளர்ப்புக் குடும்பத்தைக் குழு மாதந்தோறும் ஆய்வு செய்ய வேண்டும் என்பது சட்டம். கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் ‘நல்லா இருக்கியா?’ என்று கேட்டால் தலைதான் ஆடும். மொட்டை மாடியிலோ, தெருமுனை வரை நடந்துகொண்டோ தனியாகப் பேசினால்தான் விஷயம் வெளியே வரும். அடி, பட்டினி, தவறான தொடுதல் எதுவானாலும் ஆய்வு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது, கட்டணம் இல்லை. பராமரிப்பில் குறை தெரிந்தால் குழு வேறு குடும்பத்துக்கு மாற்றும். அப்படி மாறும் பிள்ளை தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொள்ளும். ஏன் மாற்றம் என்பதை அதனிடம் விளக்கிச் சொல்வது பணியாளரின் கடமை.

18 வயது நிறைந்தால் சட்டப்படி குழந்தை என்ற நிலை முடிகிறது. பிற்பராமரிப்பு என்ற உதவி பொதுவாக 21 வயது வரை உண்டு. ஆனால் நிறுவனப் பராமரிப்பிலிருந்து வெளியேறியவர்களைக் குறித்தே சட்டம் அதற்கு விளக்கம் தருகிறது. ஆகவே குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பதினேழு வயதுக்கு முன்பே மாவட்ட அலகின் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சில பிள்ளைகளுக்கு வேறொரு வழியும் திறக்கலாம்: தத்துக்குச் சட்டப்படி விடுவிக்கப்பட்ட பிள்ளையை வளர்ப்புக் குடும்பமே தத்தெடுப்பதற்கான காத்திருப்புக் காலத்தை வளர்ப்புப் பராமரிப்புக்கான 2024 மாதிரி நெறிமுறைகள் ஐந்து ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைத்துள்ளன.

எந்த வழியானாலும் ஆயத்தம் பதினாறு வயதிலேயே தொடங்க வேண்டும்: சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு, ஐடிஐயா பாலிடெக்னிக்கா கல்லூரியா என்ற முடிவு, சமைக்கவும் செலவுக்குக் கணக்குப் பார்க்கவும் பழக்கம். வெளியேறும் நாளில் சான்றிதழ்கள் அனைத்தும் அடங்கிய கோப்பைப் பிள்ளையின் கையிலேயே கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு இந்த வீட்டுக்கு வரலாமா, வரக் கூடாதா என்பதையும் வளர்ப்புக் குடும்பம் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.