இரண்டு பெயர்களுக்கு நடுவே

இங்கிலீஷில் நெருப்பைக் குறிக்கும் 'ஃபயர்' என்ற சிறு சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் வேறு வேறு பெயர்களைச் சேர்த்துப் பார்ப்பது, வேலையற்ற பிற்பகல்களைப் போக்குவதற்கு நான் கைக்கொண்ட உபாயங்களுள் ஒன்று. 'ஃபயர் வுட்' என்றால் நெருப்புக்கு இரையாகும் விறகு. 'ஃபயர் பிளேஸ்' என்றால் குளிர்தேசத்து வீடுகளில் நெருப்பு மூட்டும் கணப்பு. 'ஃபயர் எஸ்கேப்' என்றால் நெருப்புக்குத் தப்பி இறங்குவதற்காகக் கட்டடத்தின் புறச்சுவரில் பொருத்திய இரும்புப் படிக்கட்டு. 'ஃபயர் இன்ஷூரன்ஸ்' நெருப்பினால் நேரும் நஷ்டத்துக்கு ஈடு தருவது; 'ஃபயர் என்ஜின்' நெருப்பை அணைக்க ஓடிவரும் வண்டி. உண்பது, இருப்பது, ஓடுவது, இழப்பது, அணைப்பது என்று இத்தனை சம்பந்தங்கள் அந்த இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒளிந்திருக்க, அவற்றுள் எது எங்கே என்று அறிவிக்கும் அடையாளம் ஓர் எழுத்தளவுகூடச் சொல்லில் இல்லை என்பதை எண்ணும்போது, இந்தப் பாஷையைப் பேசுகிறவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் எவ்வாறு விளங்கிக்கொள்கிறார்கள் என்ற வியப்பு உண்டாகாமற் போவதில்லை.

இதில் 'ஃபயர்மேன்' என்பவருடைய கதை தனி விசேஷமுடையது. என் சித்தப்பா நீராவி என்ஜின்கள் ஓடிய காலத்தில் ரயில்வேயில் ஃபயர்மேனாக இருந்தார். இங்கிலீஷ் வாசகப் புஸ்தகத்தில் தலைக்கவசம் அணிந்து குழாயைப் பிடித்து நிற்கும் ஃபயர்மேனுடைய படத்தைப் பார்த்திருந்த நான் ஒரு நாள் அவரிடம், "சித்தப்பா, நெருப்பை அணைக்கிறவர்தானே ஃபயர்மேன்? நீங்கள் எதற்குக் கரியை அள்ளி அள்ளிப் போடுகிறீர்கள்?" என்று கேட்டேன். "நானும் அணைத்துவிட்டால் வண்டியை யாரடா தள்ளிக்கொண்டு போவது?" என்றார் அவர். ஒரே பெயர் பூண்ட இருவருள் ஒருவர் நெருப்பை வளர்ப்பதற்கும் மற்றவர் அதை அழிப்பதற்கும் சம்பளம் வாங்கினார்கள்; இங்கிலீஷ்காரர்களுக்கோ இதில் ஒரு குழப்பமும் நேரவில்லை. தண்டவாளத்தின் அருகே கேட்டால் ஓர் அர்த்தம், தெருவில் மணியோசையோடு கேட்டால் மற்றோர் அர்த்தம், அவ்வளவுதான்.

இலக்கணம் இவ்விஷயத்தில் உறுதியாகச் சொல்லுவது ஒன்றே ஒன்று: பின்னால் நிற்பது பொருள், முன்னால் நிற்பது அதன் அடை. உதகமண்டலத்து ஏரிக்கரையில் உள்ள 'போட் ஹவுஸ்' படகுகளுக்கான வீடு. ஸ்ரீநகரத்து டால் ஏரியில் மிதக்கும் 'ஹவுஸ் போட்' வீடாக அமைந்த படகு. சொற்களை இடம் மாற்றிய மாத்திரத்தில் மலைநாடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடுகிறோம். ஆனால் அடை என்பது பொருளோடு எவ்வகையில் உறவு கொண்டது என்பதைப் பற்றி இலக்கணம் வாய் திறப்பதில்லை. அதை வாழ்க்கை சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் இலக்கணம் பயின்றவனுக்கு இந்த மௌனம் புதிதன்று. பாற்குடம் என்பதைப் பாலையுடைய குடம் என்று விரித்து, இரண்டாம் வேற்றுமை உருபும் 'உடைய' என்ற பயனும் சேர்ந்தே மறைந்தமையால் இது உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டோமே, அந்த நீண்ட பெயரின் அருமை எனக்கு இங்கிலீஷ் படித்த பிறகுதான் புலப்பட்டது. ஃபயர் என்ஜின் என்பதை நெருப்பை அணைக்கும் என்ஜின் என்று விரித்தால், மறைந்தது 'ஐ' என்ற உருபும் 'அணைக்கும்' என்ற பயனும். ஃபயர் வுட் என்பதில் 'கு' உருபு மறைந்தது. ஆயினும் நாம் அந்த வண்டிக்குத் தமிழில் பெயர் வைத்தபோது பயனை மறைக்கத் துணியவில்லை. தீயணைப்பு வண்டி என்று வாய்விட்டே சொன்னோம். அதுவும் நல்லதே ஆயிற்று. ஏனெனில் அடுத்த வீட்டு மலையாளத்தில் 'தீவண்டி' என்றால் அது ரயில்வண்டி. தீயையும் வண்டியையும் சேர்த்தால் ஒரு தேசத்தார் மனத்தில் ரயில் வந்து நிற்கிறது, மற்றொரு தேசத்தார் மனத்தில் அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்யும் வண்டி வந்து நிற்கிறது. என் சித்தப்பா மலையாளக் கரையில் உத்தியோகம் பார்த்திருந்தால் என் கேள்வியே பிறந்திராது.

சம்ஸ்கிருத வையாகரணர்கள் சமாசங்களை வகுத்துப் பெயரிட்ட நுட்பத்தைக் கண்ட ஐரோப்பிய பண்டிதர்கள், தங்கள் பாஷைகளில் அவற்றுக்கு நிகரான பெயர்கள் இல்லாமையால், தத்புருஷம், த்வந்த்வம், பஹுவ்ரீஹி என்ற சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். இங்கிலீஷ் இலக்கண ஆராய்ச்சி நூல்களில் இன்றும் அவை வழங்குகின்றன. முட்டை போன்ற தலை என்று விரியும் 'எக் ஹெட்', முட்டையையும் குறிக்காமல் தலையையும் குறிக்காமல், புஸ்தகமே கதியென்று கிடக்கும் அறிவாளி ஒருவரைக் குறிப்பதால், அது பஹுவ்ரீஹி, நம் கணக்கில் அன்மொழித்தொகை.

இப்படி வகுத்துக்கொண்டே போனால் எல்லாத் தொகைகளையும் ஒரு பட்டியலுக்குள் அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கை பலருக்கு இருந்ததுண்டு. 1977-இல் பமேலா டௌனிங் என்ற அமெரிக்க அம்மையார் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் வரும் 'ஆப்பிள் ஜூஸ் சீட்' என்ற உதாரணம் அந்த நம்பிக்கையைக் கலைப்பதற்குப் போதுமானது. விருந்தினர் ஒருவரை மேஜையில் ஆப்பிள் ரசம் வைத்திருந்த இடத்தில் உட்காரும்படி சொல்ல வேண்டியிருந்தவர் அந்த நாற்காலியை அவ்வாறு அழைத்தார். கேட்டவரும் தயங்காமல் விளங்கிக்கொண்டார். ரசத்தை அந்த நாற்காலி பிழியவில்லை, ரசத்தால் அது செய்யப்படவும் இல்லை. அந்த வேளையில் அந்த மேஜைக்கு மட்டும் பொருந்திய உறவு அது. மேஜையைத் துடைத்தபின் அந்தச் சொல்லுக்கும் வேலை இல்லை. பாஷையின் பெரும்பகுதி அகராதிக்கு வராமலே இப்படிப் பிறந்து இறந்துபோவது என்பதே என் அபிப்பிராயம்.

சொல்லப்படாத உறவுக்கும் சொல்லப்பட்ட உறவுக்கும் உள்ள தாரதம்மியத்தைக் காட்டத் தேநீரைவிடச் சிறந்த சாதனம் இல்லை. 'கப் ஆஃப் டீ' என்று நடுவே ஓர் இடைச்சொல்லை வைத்தால் உள்ளே தேநீர் இருக்கிறது, குடிக்கலாம். 'டீ கப்' என்று பெயர்களை நெருங்க வைத்தால் வெறும் கோப்பைதான். அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கலாம். தீப்பெட்டிக்கும் இதே நியாயம்: 'மாட்ச் பாக்ஸ்' காலியாகவும் இருக்கலாம், 'பாக்ஸ் ஆஃப் மாட்சஸ்' என்று கடையில் கேட்டு வாங்கியது காலியாக இருந்தால் சண்டைக்குப் போகலாம். நெருங்கி நிற்கும் பெயர் பொருளின் இயல்பையும் உபயோகத்தையும் சொல்லுகிறதே தவிர, இந்தக் கணத்து நிலைமையைச் சொல்லுவதில்லை. 1857-இல் தோன்றிய நமது சர்வகலாசாலையின் சாஸனப் பெயர் 'யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்'. பட்டதாரிகள் வாயில் அது என்றும் 'மெட்ராஸ் யுனிவர்சிட்டி'தான். இடைச்சொல் உடுத்தி நிற்பது விழாக் கோலம், அதைக் களைந்தது வீட்டுக் கோலம்.

அடையாக நிற்கும் பெயர் பெரும்பாலும் ஒருமையிலேயே நிற்கும் என்பதும் கவனிக்கத்தக்கது. பல்லெல்லாம் துலக்கினாலும் அது 'டூத் பிரஷ்'தான். இவ்விதிக்கு 'ஸ்போர்ட்ஸ் கார்', 'சேவிங்ஸ் பாங்க்' போன்ற விலக்குகளும் உண்டு. அவற்றுக்குக் காரணம் தேடிப் புறப்பட்டால் திரும்பி வருவது கடினம்.

எழுத்தில் காணாத ஒரு குறிப்பை இங்கிலீஷ்காரர்கள் குரலில் வைத்திருக்கிறார்கள் என்பதை அச்சுப் புஸ்தகங்களின் வழியாகவே அந்தப் பாஷையைக் கற்ற நம்மவர் பலர் அறியார். 'இங்கிலீஷ் டீச்சர்' என்னும்போது முதற்சொல்லின்மேல் அழுத்தம் விழுந்தால் அவர் இங்கிலீஷ் பாஷையைக் கற்பிக்கும் உபாத்தியாயர். அவர் மாயவரத்துக்காரராக இருக்கலாம். இரண்டாவது சொல்லையும் ஓங்கி உச்சரித்தால் அவர் இங்கிலாந்து தேசத்து உபாத்தியாயர். கணக்குச் சொல்லிக்கொடுப்பவராக இருக்கலாம். 'டாய் ஃபாக்டரி' என்பது பொம்மை செய்யும் தொழிற்சாலையா, குழந்தை விளையாடும் பொம்மைத் தொழிற்சாலையா என்பதும் இந்த அழுத்தத்தைப் பொறுத்ததே. இதில் ஓர் ஒழுங்கு இருக்கும் என்று எண்ணினால் அவர்களே அதைக் குலைத்துவிடுகிறார்கள்: லண்டனில் 'ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்' என்னும்போது ஊர்ப்பெயரை ஓங்கிச் சொல்லுகிறவர்கள், அதுவே 'ரோடு' ஆனால் ரோடை ஓங்கிச் சொல்லுகிறார்கள். தெருவுக்கு இல்லாத கௌரவம் ரோடுக்கு ஏன் கிடைத்தது என்று கேட்டால், அது அப்படித்தான் என்பார்கள்.

இரண்டு பெயர்கள் நெருங்கி நிற்பது அழகு என்று ஒப்புக்கொள்ளும் நான், எட்டும் ஒன்பதும் முண்டியடித்து நிற்பதை ஒப்புக்கொள்ள முடியாதவனாக இருக்கிறேன். 'ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் வாட்டர் சப்ளை இம்ப்ரூவ்மெண்ட் ஸ்கீம் எஸ்டிமேட் கமிட்டி மீட்டிங்' என்ற தலைப்போடு ஆபீஸ் சுற்றறிக்கை ஒன்று மேஜைக்கு வந்து சேர்ந்தால், கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டு போக வேண்டும். குடிநீர் யாருக்கு, மதிப்பீடு யார் போடுவது, கூட்டத்துக்கு நாம் போக வேண்டுமா, வேண்டாமா என்பது அவிழ்த்து முடித்த பிறகும் தெளியாமல் இருக்கக்கூடும். பிரிட்டிஷ் கஜானா இலாகாவின் வேண்டுகோளின்படி ஸர் எர்னஸ்ட் கௌவர்ஸ் 1948-இல் எழுதி வெளியிட்ட 'பிளெய்ன் வோர்ட்ஸ்' என்ற சிறு நூல் உத்தியோகஸ்தர்களின் இத்தகைய எழுத்து நோய்களுக்கு மருந்தாகவே பிறந்தது. 1880-இல் ஜெர்மன் பாஷையின் நீண்ட தொகைச் சொற்களை மார்க் ட்வெய்ன் பரிகாசம் செய்தார். படித்துச் சிரித்தவர்கள், ஜெர்மானியர் ஒரே சொல்லாக ஒட்டி எழுதுவதைத் தாங்கள் இடைவெளி விட்டு எழுதுகிறோம் என்பதைத் தவிர வேறு பேதம் அதிகம் இல்லை என்பதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எப்பொருளுக்கு எவர் பொறுப்பு என்பதை உருபும் வினையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆதலின் பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்புகிறவருக்கு இந்த வேற்றுமைத்தொகை வரப்பிரசாதம்.

எது எதோடு சேர்கிறது என்று காட்டுவதற்கு முன்பெல்லாம் ஒரு சிறு கோடாவது இருந்தது. 2007-இல் ஆக்ஸ்ஃபோர்டின் 'ஷார்ட்டர்' அகராதி ஆறாம் பதிப்பாக வந்தபோது, சுமார் 16,000 சொற்களின் நடுவிலிருந்த அந்தக் கோட்டை எடுத்துவிட்டார்கள். 'ஐஸ் கிரீம்' பிரிந்து நின்றது, 'பம்பிள்பீ' என்ற வண்டு ஒட்டிக்கொண்டது. இது சரியன்று என்பது என் கட்சி. 'ஸ்மால் ஸ்கேல் இண்டஸ்ட்ரீஸ்' என்பதில் முதல் இரண்டு சொற்களைக் கோட்டினால் பிணைத்தால் அது சிறுதொழில். பிணைக்காவிட்டால், பிள்ளைகள் கோடு போடும் ஸ்கேல்களைச் செய்கின்ற சிறிய தொழிற்சாலைகள் என்றும் ஒருவர் வாதாடலாம். தொழிற்பேட்டைகளில் நான் பார்த்த பெயர்ப்பலகைகள் பலவற்றில் அந்தக் கோடு கிடையாது. ஆனாலும் அவற்றை நம்பி உள்ளே போய் ஸ்கேல் கேட்டவர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.